பிஞ்சு இதயங்களும் பெற்றோரின் அமானிதமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பிக்கின்றேன். புகழனைத்தும் அவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இதயத்தைப் பற்றி நாம் மிம்பர்களில் அதிகம் பேசுகின்றோம். பொறாமை, பெருமை, முகஸ்துதி போன்ற இதய நோய்களைப் பற்றி எச்சரிக்கின்றோம். ஆனால் இன்று நான் பேச விரும்புவது நெஞ்சுக்கூட்டினுள் இரவு பகலாகத் துடித்துக் கொண்டிருக்கும் அந்தச் சதைப்பிண்டத்தைப் பற்றியதாகும். அதிலும் குறிப்பாக, பிறக்கும்போதே குறைபாட்டுடன் பிறக்கும் பிஞ்சு இதயங்களைப் பற்றியதாகும்.

உயிருடன் பிறக்கும் ஒவ்வோர் 1000 குழந்தைகளிலும் ஏறத்தாழ 8 அல்லது 9 குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதோவொரு பிறவிக் குறைபாடு காணப்படுவதாக வைத்திய உலகம் கூறுகின்றது. அப்படியாயின் ஆண்டுக்கு 500 பிள்ளைகள் பிறக்கும் ஓர் ஊரில் நான்கைந்து பிள்ளைகள் இவ்வாறு பிறக்கின்றார்கள். அவர்கள் எங்கே? சிலர் சிகிச்சை பெற்று நலமாக இருக்கின்றார்கள். சிலரைப் பற்றி "அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை" என்கின்றோம். இன்னும் சிலரின் ஜனாஸாவை என்ன நோய் என்றே அறியாமல் அடக்கம் செய்து விட்டோம்.

எனவே இன்றைய உரையில் ஒரேயொரு செய்தியை உங்கள் உள்ளத்தில் பதிய வைக்க விரும்புகின்றேன். பிள்ளையின் இதயத்தில் உள்ள குறைபாடு எவருடைய குற்றமுமல்ல. ஆனால் அதை அறிந்த பின்னர் நாம் செய்யும் தாமதத்துக்கு நாமே பொறுப்பாளிகள் ஆவோம்.

கருவறையில் ஓர் அற்புதம்

முதலில் இதயத்தின் அமைப்பைச் சற்று விளங்கிக் கொள்வோம். இதயத்துக்கு நான்கு அறைகள் உண்டு. மேலே இரு சோணையறைகள், கீழே இரு இதயவறைகள். உடலெங்கும் சென்று ஒட்சிசனை இழந்து திரும்பும் குருதி வலப்பக்கத்துக்கு வருகின்றது. வலப்பக்கம் அதனைச் சுவாசப்பைகளுக்கு அனுப்புகின்றது. அங்கே தூய்மை பெற்ற குருதி இடப்பக்கத்துக்கு வந்து, பெருநாடி வழியாக மீண்டும் உடலெங்கும் செல்கின்றது. இரு பக்கங்களையும் ஒரு சுவர் பிரித்து நிற்கின்றது.

இந்தச் சுவரைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்ல வேண்டும. கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் அச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன என்றும், அவற்றினூடாகவே குருதி இடப்பக்கம் செல்கின்றது என்றும் கூறியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அதை ஏற்றிருந்தது. திமிஷ்கில் மருத்துவம் கற்று, கெய்ரோவில் பணியாற்றி, 1288ஆம் ஆண்டு வபாத்தான இப்னுன் நபீஸ் (ரஹ்) அவர்கள் 1242இல் எழுதிய நூலொன்றில் அதனை மறுத்தார். சுகதேகியின் இதயச் சுவரில் துளையே கிடையாது, குருதி சுவாசப்பை வழியாகவே மறுபக்கம் சேர்கின்றது என்று அவர் நிறுவினார். அவர் மருத்துவர் மாத்திரமல்லர். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தைக் கெய்ரோவின் மத்ரஸாவில் போதித்த ஆலிமும் ஆவார். மார்க்கக் கல்வியும் மருத்துவக் கல்வியும் ஒரே நெஞ்சில் குடியிருந்த காலம் அது.

ஆனால் கருவறையில் இருக்கும் குழந்தையின் நிலை வேறு. அங்கே அது மூச்சு விடுவதில்லை. ஒட்சிசன் தாயின் நச்சுக்கொடி வழியாகவே வருகின்றது. சுவாசப்பைகளுக்கு அதிக குருதி செல்ல வேண்டிய தேவை இல்லை. ஆகவே இரு சோணையறைகளுக்கும் இடையில் ஒரு திறந்த வாயிலையும், சுவாசப்பை நாடிக்கும் பெருநாடிக்கும் இடையில் ஒரு சிறு இணைப்புக் குழாயையும் அல்லாஹ் அமைத்து வைத்திருக்கின்றான். நீங்களும் நானும் தாயின் வயிற்றில் இதயத்தில் வாயில் திறந்தவர்களாகவே வாழ்ந்தோம்! குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் சுவாசப்பைகள் விரிகின்றன. இதயத்தினுள் அழுத்தம் மாறுகின்றது. அந்த வாயில் சாத்தப்படுகின்றது. இணைப்புக் குழாயும் ஓரிரு நாட்களில் சுருங்கி மூடிக் கொள்கின்றது. எந்த வைத்தியரும் கை வைக்காமலேயே நடைபெறும் மாபெரும் மாற்றம் இது. ஸுப்ஹானல்லாஹ்!

குறைபாடுகள் எவை?

சிலருக்கு இந்த ஒழுங்கு முழுமையாவதில்லை. மேலறைகளுக்கிடையில் துவாரம் எஞ்சி விடலாம். கீழறைகளுக்கிடையிலான சுவரில் துவாரம் இருக்கலாம். இதுவே மிகச் சாதாரணமாகக் காணப்படும் குறைபாடுகளுள் ஒன்று. இணைப்புக் குழாய் மூடாமல் இருக்கலாம். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் இது அதிகம். வால்வு ஒடுங்கியிருக்கலாம். பெருநாடியின் ஒரு பகுதி நெருக்கப்பட்டிருக்கலாம்.

இவற்றுக்கு அப்பால் குழந்தையை நீலமாக்கும் குறைபாடுகள் உள்ளன. 1888ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஃபலோ என்பவர் விரிவாக எழுதியதால் அவருடைய பெயரால் அழைக்கப்படும் நோயில், கீழறைச் சுவரில் பெரிய துவாரம், சுவாசப்பைக்குச் செல்லும் வழியில் ஒடுக்கம், இரு அறைகளுக்கும் மேலாக நகர்ந்து நிற்கும் பெருநாடி, தடித்துப் போன வலது இதயவறை என்று நான்கு குறைகள் ஒன்றாக அமைகின்றன. மற்றொன்றில் பெருநாடியும் சுவாசப்பை நாடியும் இடம் மாறி முளைத்திருக்கும். அத்தகைய குழந்தைக்கு அந்தத் திறந்த வாயிலும் இணைப்புக் குழாயுமே உயிர்நாடி. அவை மூடினால் குழந்தை வாழாது. ஆகவே வைத்தியர்கள் மருந்து ஏற்றிக் குழாயைத் திறந்து வைக்கின்றார்கள்; தேவையேற்படின் மெல்லிய பலூன் ஒன்றைச் செலுத்தி, மேலறைச் சுவரின் வாயிலைத் தாமே பெரிதாக்குகின்றார்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்தான துவாரம் இன்னொரு பிள்ளைக்கு உயிர் காக்கும் வழியாகின்றது. எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டதை வைத்து உங்கள் பிள்ளைக்குத் தீர்ப்புக் கூறாதீர்கள்.

அடையாளங்களை அறிந்து கொள்ளுங்கள்

தாய்மார்களே! நீங்கள்தாம் முதலாவது வைத்தியர்கள். பின்வரும் அடையாளங்களை மனதில் இருத்திக் கொள்ளுங்கள். பால் குடிக்கும்போது குழந்தை இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்குகின்றதா? பால் குடிக்கையில் நெற்றியில் வியர்வை அரும்புகின்றதா? தூங்கும்போதும் வேகமாக மூச்சு விடுகின்றதா? இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை அமைதியாக இருக்கையில் நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் உடனே காட்ட வேண்டும். நிறை ஏறாமல் நிற்கின்றதா? சளியும் நியூமோனியாவும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? உதடும் நாக்கும் நீலம் பாரிக்கின்றனவா? சற்று வளர்ந்த பிள்ளை விளையாட்டின் நடுவே குந்திக் கொள்கின்றதா? விளையாடுகையில் மயங்கி விழுகின்றதா?

குளிரில் கைகால் மாத்திரம் சற்று நீலமாவது பச்சிளம் குழந்தைகளிடம் சாதாரணம். நாக்கு நீலமாவது சாதாரணமல்ல. அதைக் கண்டால் நாளை விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நம் வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவ மாது தரும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அதிலுள்ள நிறைக் கோடு கீழ்நோக்கி வளைவது பிள்ளையின் இதயம் விடுக்கும் முறைப்பாடாக இருக்கலாம். வைத்தியர் காது கொடுத்துக் கேட்கும்போது இதயத்தில் ஒரு மேலதிக ஓசை கேட்பதாகச் சொன்னால் அஞ்சி நடுங்கவும் வேண்டாம். அலட்சியம் செய்யவும் வேண்டாம். சுகமான பிள்ளைகள் பலரிடமும் தீங்கற்ற ஓசை உண்டு. எக்கோ எனப்படும் ஸ்கேன் பரிசோதனை வேறுபாட்டைக் காட்டி விடும். அதில் ஊசியும் இல்லை, வேதனையும் இல்லை.

தாயைக் குற்றஞ் சாட்டாதீர்கள்

அன்பின் நேயர்களே! இவ்வாறான குழந்தை பிறந்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? "கிரகணத்தில் வெளியே போனாள்", "அன்னாசி தின்றாள்", "அவளுடைய குடும்பத்திலேயே நோய்" என்று மாமியாரும் மதனிமாரும் அந்தத் தாயின் மீது விரல் நீட்டுகின்றார்கள். கண் திருஷ்டி என்பார்கள். யாரோ செய்வினை செய்து விட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

சற்று சிந்தித்துப் பாருங்கள். கரு உருவாகி ஏறத்தாழ மூன்று வாரங்களில் இதயம் துடிக்கத் தொடங்குகின்றது. எட்டு வாரங்களுக்குள் அதன் அறைகளும் சுவர்களும் பெரும்பாலும் அமைந்து விடுகின்றன. பல தாய்மார்கள் தாம் கருவுற்றிருப்பதை அறிந்து சில நாட்களே ஆகியிருக்கும் காலம் அது. பெரும்பாலான குறைபாடுகளுக்குக் குறித்த ஒரு காரணத்தை வைத்தியர்களாலேயே சுட்டிக்காட்ட முடிவதில்லை. அவ்வாறிருக்க, நாம் எவ்வாறு தீர்ப்பு வழங்க முடியும்?

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரழி) ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு பால்குடிப் பருவத்தில் வபாத்தான நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மரணத்துக்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக் கொண்டார்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அன்னார் அங்கேயே அதைத் திருத்தினார்கள். துயரத்தின் உச்சியில் நின்றவாறே மூடநம்பிக்கையின் வாயிலை அடைத்தார்கள். அதே தருணத்தில் அன்னாரின் கண்கள் கண்ணீர் சொரிந்தன. ஆகவே நோயுற்ற பிள்ளைக்காக அழும் தாயைப் பார்த்து, ஸப்ர் இல்லாதவள் என்று சொல்லாதீர்கள்.

சில காரணங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றைக் குற்றஞ் சாட்டுவதற்காக அல்லாமல், முற்காப்புக்காக அறிந்து கொள்ள வேண்டும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ருபெல்லா எனும் ஜேர்மன் சின்னமுத்து ஏற்பட்டால் குழந்தையின் இதயம், கண், செவி மூன்றும் பாதிக்கப்படலாம். 1941இல் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் கிரெக் என்பவர் இத்தொடர்பை முதலில் வெளிப்படுத்தினார். தடுப்பூசியின் மூலம் இலங்கை ருபெல்லாவை ஒழித்து விட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டு அறிவித்தது. அந்த நிலை தொடர வேண்டுமாயின் நம் பிள்ளைகள் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. நீரிழிவுள்ள பெண் கருத்தரிக்கும் முன்பே சீனியைக் கட்டுப்பாட்டில் கொண்டுவர வேண்டும். வலிப்பு நோய்க்கும் கடும் முகப்பருவுக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் கருவைப் பாதிக்கக் கூடியவை. அவற்றைத் தாமாக நிறுத்தி விடாமல், திருமணத்துக்கு முன்னரே வைத்தியரிடம் பேசி மாற்றிக் கொள்ள வேண்டும்.

தவக்குல் என்பது காத்திருப்பதல்ல

இனி உரையின் மையத்துக்கு வருகின்றேன். சில பெற்றோர் சொல்கின்றார்கள்: "மௌலவி, அல்லாஹ் தந்தான், அவனே சுகமாக்குவான். இந்தச் சின்ன உடம்பில் கத்தி வைக்க மனம் வரவில்லை." பிள்ளைக்குத் தண்ணீர் ஓதித் தரும்படி கேட்கின்றார்கள். நாம் ஓதுவோம், துஆச் செய்வோம், ஷிபா அளிப்பவன் அவன் ஒருவனே. ஆனால் ஓதிய தண்ணீரை ஒரு கையிலும் வைத்தியசாலைத் துண்டை மறு கையிலும் எடுத்துச் செல்லும்படி கூறுவதே ஆலிமின் கடமையாகும். தாயத்தையும் நூலையும் கட்டி விட்டு வீட்டில் இருப்பது தவக்குல் அல்ல.

மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கேட்ட கிராமப்புற அரபிகளிடம் நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்யும்படி பணித்ததையும், நோயை இறக்கியவன் நிவாரணத்தையும் இறக்கியிருப்பதாக எடுத்துரைத்ததையும் ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விடலாமா என்று கேட்டவரிடம், கட்டி விட்டுப் பொறுப்புச் சாட்டும்படி வழிகாட்டினார்கள். ஷாமில் கொள்ளை நோய் பரவியதை அறிந்து உமர் (ரழி) அவர்கள் வழியிலேயே திரும்பிய போது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று வினவப்பட்டது. அவனது ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியின் பக்கமே செல்கின்றோம் என்ற கருத்தில் அன்னார் விடையளித்தார்கள். நோய் கத்ர் என்றால் சத்திரசிகிச்சையும் கத்ரே.

பெற்றோர்களே! எல்லாத் துவாரங்களுக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. கீழறைச் சுவரிலுள்ள சிறிய துவாரங்கள் பல, முதல் சில ஆண்டுகளில் தாமாகவே மூடிக் கொள்கின்றன. வைத்தியர் "பார்ப்போம், கிளினிக்குக்கு வாருங்கள்" என்று சொன்னால், அது கைவிடுவதல்ல, கண்காணிப்பது. ஆனால் பெரிய துவாரத்தின் கதை வேறு. அதனூடாக அளவுக்கு மிஞ்சிய குருதி சுவாசப்பைகளுக்குள் பாய்கின்றது. நாட்கள் செல்லச் செல்ல அங்குள்ள மெல்லிய குருதிக் கலன்கள் தடித்து இறுகுகின்றன. ஒரு கட்டத்தில் சுவாசப்பையின் அழுத்தம் மிகுந்து, அசுத்தக் குருதி துவாரத்தினூடாக மறுபக்கம் திரும்பிப் பாய்கின்றது. பிள்ளை நீலமாகின்றது. 1897இல் ஐசன்மெங்கர் எனும் வைத்தியர் விவரித்த இந்த நிலையை அடைந்து விட்டால், துவாரத்தை அடைப்பதே ஆபத்தாகி விடும். ஆறாவது மாதத்தில் சுகப்படுத்தியிருக்கக் கூடிய அதே துவாரம், பத்தாவது வயதில் சுகப்படுத்த முடியாததாக மாறி விடுகின்றது.

இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு. கலன்கள் இறுகத் தொடங்கும்போது சுவாசப்பைக்குப் பாயும் குருதி குறைவதால், குழந்தையின் மூச்சிரைப்புக் குறையும்; நிறையும் சற்று ஏறும். "அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறி விட்டது" என்று கூறிப் பெற்றோர் கிளினிக்குக்குச் செல்வதை நிறுத்தி விடுகின்றார்கள். உண்மையில் சிகிச்சைக்கான வாயில் மூடிக்கொண்டிருக்கும் நேரம் அதுவாக இருக்கலாம். பிள்ளை தேறியதா இல்லையா என்பதை எக்கோ பரிசோதனை சொல்லட்டும்.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

ஒரு காலத்தில் இக்குழந்தைகளுக்கு எந்தச் சிகிச்சையும் இருக்கவில்லை. 1938இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ரொபர்ட் குரோஸ் என்பவர் மூடாதிருந்த இணைப்புக் குழாயை நூலால் கட்டி ஒரு சிறுமியைக் காப்பாற்றினார். 1944 நவம்பர் 29ஆம் திகதி பால்டிமோர் நகரில் நீலம் பாரித்த ஒரு பெண் குழந்தைக்கு, கைக்குச் செல்லும் நாடியைச் சுவாசப்பை நாடியுடன் இணைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் சிந்தனை ஹெலன் டவுசிக் எனும் பெண் வைத்தியருடையது. கத்தி பிடித்தவர் அல்பிரட் பிளேலொக். அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கட்டமாக வழிகாட்டியவர் விவியன் தோமஸ் எனும் கறுப்பினத்தவர். பல்கலைக்கழகம் செல்ல வசதியற்று, தச்சு வேலை செய்து வந்தவர். அந்த முறையை ஆய்வுகூடத்தில் செய்து பழகியிருந்தவர் அவரே. அறிவுக்கு நிறமும் குலமும் கிடையாது.

இதயத்தைத் திறப்பதாயின் அதன் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். அதற்கான இயந்திரத்தைக் கொண்டு 1953 மே மாதத்தில் ஜோன் கிப்பன் 18 வயது யுவதி ஒருவரின் துவாரத்தை அடைத்தார். ஆயினும் அவ்வியந்திரம் இன்னும் நம்பகமானதாக இருக்கவில்லை. 1954 மார்ச்சில் மினசோட்டாவில் வைத்தியர் லில்லிஹை ஒரு வழியைக் கையாண்டார். ஒரு வயது கடந்த மகனைக் கட்டிலில் கிடத்தி, பக்கத்தில் தந்தையையும் கிடத்தி, இருவரின் குருதிக் கலன்களையும் குழாய்களால் இணைத்தார். மகனின் இதயம் திறக்கப்பட்டிருந்த நேரத்தில் தந்தையின் இதயமே இருவருக்காகவும் துடித்தது! துவாரம் அடைக்கப்பட்டது. அந்தக் குழந்தை 11 நாட்களின் பின் நியூமோனியாவால் இறந்தது. ஆனால் அவ்வழியில் சிகிச்சை பெற்ற 45 பேரில் 28 பேர் உயிருடன் வீடு திரும்பினார்கள். குருதி கொடுத்தோர் எவரும் மரணிக்கவில்லை. எனினும் ஒரு தாய் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். அந்தப் பெற்றோர் தம் உயிரையே பணயம் வைத்தார்கள். இன்று நம்மிடம் கேட்கப்படுவது, பஸ்ஸில் ஏறி கிளினிக்குக்கு வாருங்கள் என்பது மாத்திரமே.

இன்று இதய-சுவாச இயந்திரம் பாதுகாப்பானதாகி விட்டது. பல துவாரங்களை நெஞ்சைத் திறக்காமலேயே அடைக்கின்றார்கள். தொடையிலுள்ள நாளத்தினூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இரு சிறு குடைகளைப் போன்ற அடைப்பானைத் துவாரத்தில் விரித்து விடுகின்றார்கள். பிள்ளை சில நாட்களில் வீடு திரும்புகின்றது. இடம் மாறிய நாடிகளைப் பிறந்து சில வாரங்களுக்குள் உரிய இடத்தில் பொருத்துகின்றார்கள். ஆபத்தே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான குறைபாடுகளில் செய்யாமல் விடுவதன் ஆபத்து, செய்வதன் ஆபத்தை விடப் பன்மடங்கு அதிகம்.

நம் நாட்டில் என்ன செய்ய வேண்டும்?

கொழும்பு பொரளையிலுள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இச்சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் சிறுவர் வைத்திய நிபுணரே அங்கு அனுப்பி வைப்பார். அங்கே கூட்டம் அதிகம், காத்திருக்க நேரிடும். ஆகவே சில விடயங்களில் கவனமாக இருங்கள். கொடுத்த தொலைபேசி இலக்கம் மாறினால் உடனே அறிவியுங்கள். திகதி கிடைத்த பின்னர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பின்போடாதீர்கள். காய்ச்சல், சளி இருந்தால் சத்திரசிகிச்சை பிற்போடப்படலாம். எனவே முந்திய வாரங்களில் பிள்ளையைக் கூட்டங்களிலிருந்து காத்துக் கொள்ளுங்கள். காத்திருக்கும் காலத்தில் மூச்சிரைப்போ நீலமோ கூடினால், திகதி வரும்வரை பொறுக்காமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

இதய நோயுள்ள பிள்ளைக்குத் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். அவர்களுக்கே அது அதிகம் தேவை. பல்லைத் தூய்மையாக வைத்திருங்கள். சொத்தைப் பல்லிலிருந்து குருதியில் கலக்கும் கிருமி இதயத்தின் உட்சுவரைத் தாக்கலாம். பல் பிடுங்கும் முன் இதய நோயைப் பல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மிஸ்வாக்கை நேசித்த நபியின் உம்மத்துக்கு இதனை அதிகம் விளக்கத் தேவையில்லை.

சுன்னத் விடயத்திலும் ஒரு வார்த்தை. இத்தகைய பிள்ளையை ஒஸ்தா மாமாவிடம் கொண்டு செல்லும் முன், இதய வைத்தியரின் அனுமதியைப் பெறுங்கள். குருதி உறையாமலிருக்க மருந்து எடுக்கும் பிள்ளைக்குக் குருதி நிற்காமல் போகலாம். வைத்தியசாலையில் உரிய ஏற்பாட்டுடன், சற்றுத் தாமதித்துச் செய்வதால் குற்றமில்லை. வாலிப வயதை அடைந்தவர் நோன்பு விடயத்திலும் வைத்தியரின் ஆலோசனையைக் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை, அல்லாஹ் தந்த சலுகையாகும்.

இளைஞர்களே, யுவதிகளே!

நெஞ்சின் நடுவே தழும்புடன் வாழும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களை "ஹார்ட் நோயாளி" என்று அழைக்காதீர்கள். உரிய காலத்தில் சிகிச்சை பெற்ற பெரும்பாலானோர் படிக்கின்றார்கள், தொழில் புரிகின்றார்கள், மணமுடித்துப் பிள்ளை பெறுகின்றார்கள்.

ஆனால் நம் சமூகத்தில் பெண்பிள்ளையின் இதய நோயை மறைக்கும் வழக்கம் உள்ளது. "வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காது" என்று சத்திரசிகிச்சையையே தவிர்ப்போரும் உண்டு. இது எவ்வளவு பெரிய அநியாயம்! சுவாசப்பைக் கலன்கள் இறுகிய நிலையில் ஒரு பெண் கருவுற்றால் அவளது உயிருக்கே பேராபத்து. தழும்பை மறைப்பதற்காக மகளை மவ்த்தின் வாயிலில் நிறுத்தலாமா? நிகாஹுக்கு முன் உண்மையைச் சொல்லுங்கள். இதய வைத்தியரிடம் ஒரு பரிசோதனை செய்து கொள்ளுங்கள். வாலிபர்களே, சுகப்பட்ட ஒரு பெண்ணைத் தழும்புக்காகத் தட்டிக் கழிக்காதீர்கள்.

மாமி மகன், மாமா மகள் திருமணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்க்கம் அதை அனுமதித்துள்ளது, கட்டாயமாக்கவில்லை. இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வின்படி, பிறவிக் குறைபாட்டின் வீதம் சாதாரணமாக 100க்கு 3 என்றால், நேரடி மைத்துனர் உறவுத் திருமணங்களில் 100க்கு 6 ஆகும். அதாவது பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றார்கள். ஆயினும் ஆபத்து இரட்டிப்பாகின்றது. குடும்பத்தில் ஏற்கனவே இதயக் குறைபாடுள்ள பிள்ளைகள் இருந்தால், காணி பிரியக் கூடாது என்பதற்காகச் சொந்தத்தில் முடிக்கும் முன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது புத்திசாலித்தனமாகும். முதற்பிள்ளைக்குக் குறைபாடு இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் ஏறத்தாழ 20 வாரங்களில் குழந்தையின் இதயத்தை ஸ்கேன் மூலம் பார்க்கும்படி கேளுங்கள்.

இரத்ததானம் செய்யுங்கள். இதய சத்திரசிகிச்சைக்குக் குருதி தேவை. நீங்கள் கொடுக்கும் ஒரு பைக் குருதி, பெயரறியாத ஒரு பிள்ளையின் உடலில் ஓடும்.

ஜமாஅத்தின் பொறுப்பு

சிகிச்சை இலவசம் என்றாலும் ஏழைத் தகப்பனுக்குச் செலவு இல்லாமலில்லை. அக்கரைப்பற்றிலிருந்தோ மூதூரிலிருந்தோ கொழும்புக்கு வர வேண்டும், தங்க வேண்டும், நாட்கூலியை இழக்க வேண்டும், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். ஒரு கிளினிக்கைத் தவறவிடுவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல; கையில் பணம் இல்லாமையால்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தினரே! ஏழைக்கும் கடனாளிக்கும் ஸகாத்தில் பங்குண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். மஹல்லாவில் இத்தகைய பிள்ளை யார் என்று அறிந்து, பஸ் செலவையும் தங்குமிடத்தையும் பொறுப்பேற்றால் அது ஓர் உயிரை வாழ வைப்பதாகும். வைத்தியசாலைக் கடிதத்தை உறுதி செய்து, அமைதியாகக் கொடுங்கள். பிள்ளையின் நெஞ்சைத் திறந்து காட்டிய படத்தை ஊரெங்கும் அனுப்பிப் பணம் திரட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் மானம் உண்டு. நாளை அது வளர்ந்து அந்தப் படத்தைக் காணும்.

எல்லா முயற்சியும் செய்த பின்னரும் சில பிள்ளைகளை அல்லாஹ் தன்னிடம் அழைத்துக் கொள்கின்றான். அந்தப் பெற்றோரிடம் "அப்படிச் செய்திருக்கலாமே" என்று கேட்காதீர்கள். அவர்கள் தம் அமானிதத்தை நிறைவேற்றி விட்டார்கள். பொறுமை கொண்ட அத்தகைய பெற்றோருக்கு மறுமையில் உயர்ந்த கூலி வாக்களிக்கப்பட்டுள்ளது.

ஆகவே அன்பின் நேயர்களே! இன்றிரவு உங்கள் குழந்தை பால் குடிக்கும்போது அதன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை எண்ணிப் பாருங்கள். நாக்கின் நிறத்தைப் பாருங்கள். ஐயம் ஏற்பட்டால் நாளைக் காலையே வைத்தியரிடம் செல்லுங்கள். நாக்கு நீலமாக இருந்தாலோ குழந்தை மூச்சு விடத் திணறினாலோ இன்றிரவே செல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் இதயங்களுக்கு உடல் நலத்தையும் ஈமானின் ஒளியையும் தந்தருள்வாயாக. நோயுற்ற பிள்ளைகளுக்குப் பூரண ஷிபாவை அளிப்பாயாக. சிகிச்சை செய்யும் வைத்தியர்களின், தாதியர்களின் கரங்களில் பரகத் செய்வாயாக. உரிய நேரத்தில் உரியதைச் செய்யும் அறிவையும் துணிவையும் பெற்றோருக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.